அவையும் கொட்டகையும்: 'ஒரே கூரை' என்னும் கருத்துப் பற்றிய ஒரு மறுநோக்கு

தமிழ்த் திரைப்பட வரலாற்றை ஆராயப் புகுவோர் தவறாது எடுத்தாளும் கருத்து ஒன்று உண்டு. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் ஒருங்கு அமர்ந்த முதல் ஆடற்களம் திரைப்படக் கொட்டகையே என்பதும், அங்கு ஒருவர்க்கு இருக்கை அமைவது அவர்தம் குலப்படியினால் அன்று, வாங்கும் ஆற்றலினாலேயே என்பதும் அக்கருத்தாகும். பேராசிரியர் கா. சிவத்தம்பி அவர்கள், தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புக்குரிய ஊடகமாகக் கொண்டு ஆராய்ந்து 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறுநூலில் இதனைக் கூறினார். அந்நாள் முதலாக இக்கருத்து ஆய்வேடுகளில் மேற்கோளாக நுழைந்து, காலப்போக்கில் முடிந்த முடிபாகவே நின்றுவிட்டது. அறிஞர் ஒருவர் ஆய்வின் தொடக்கத்தில் வைத்த கருத்தை நாம் ஆய்வின் முடிவில் வைத்துப் பழகிவிட்டோம். அக்கருத்தை ஓர் ஊரின் கொட்டகைகளுள் கொண்டுசென்று நிறுத்தி, அது எவ்வளவு தாங்குகின்றது எனப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அக்கருத்தின் வலிமையை உள்ளவாறு மதித்தல் வேண்டும். சிவத்தம்பி அவர்கள் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தைப் பற்றித் தனி நூல் செய்தவர். கூத்தும் நாடகமும் எவ்வெவ்விடங்களில் எவரெவர் முன்னிலையில் நிகழ்ந்தன என்பதை நெடுங்காலம் ஆராய்ந்த பின்னரே அவர் கொட்டகையைப் பற்றிப் பேசினார். எனவே அவர் கூற்று ஓர் ஒப்பீட்டின் விளைவு. அரசவையில் ஆடிய கூத்தினை அரசன் சுற்றமே கண்டது. கோயில் மண்டபத்தில் நிகழ்ந்ததைக் கோயிலுள் நுழையும் உரிமையுடையோரே கண்டனர். ஊர்த் தெருவிலே ஆடப்பெற்ற கூத்தும் எந்தத் தெருவில் ஆடப்பெற்றது என்னும் வினாவுக்கு உட்பட்டதே. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் தாழ்த்தப்பட்டோரும் நாடாரும் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தது 1939 சூலை 8ஆம் நாள். அவ்வூரின் ராயல் டாக்கீஸ் நிறுவனத்தார் எடுத்த 'சிந்தாமணி' என்னும் படம் வெளிவந்தது 1937இல். படத்துக்குச் சீட்டு வாங்கியவர் குலத்தைக் கேட்டு வாயிலை அடைக்கும் ஆகம விதி எதுவும் கொட்டகைக்கு இல்லை. கோயிற் கதவு திறப்பதற்கு முன்னரே திறந்திருந்த கதவு அது. இந்த அளவில் பேராசிரியர் கூற்றை எவரும் மறுத்தல் இயலாது.

இனி, சொற்களை நோக்குவோம். 'திரையரங்கு' என இன்று நாம் எழுதும் சொல் புதியது. 'அரங்கு' என்பது பழந்தமிழில் ஆடுவோர்க்குரிய இடம். காண்போர்க்குரிய இடம் அன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளவு கூறப்படுகின்றது. வாயில் இரண்டு என்பதும், தூணின் நிழல் ஆடற்களத்தின்மீது விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்டது என்பதும், எழினி மூவகை என்பதும் ஆண்டுச் சொல்லப்படுகின்றன. ஆனால் காண்போர் எங்கு அமர்ந்தனர், அவர்க்குரிய இடத்தின் அளவு யாது என்பவற்றுக்கு மூலத்தில் அத்தகைய விளக்கம் இல்லை. ஆடுவோரையும் ஆடுமிடத்தையும் கோல் கொண்டு அளந்த மரபு, காண்போரின் இருக்கையை அளந்து காட்டவில்லை.

காண்போர்க்கு வழங்கிய சொல் 'அவை' என்பது. கற்றோர் கூட்டத்துக்குரிய அச்சொல்லையே, கூத்துக் காண வந்து கூத்து முடிந்ததும் கலையும் திரளுக்கும் வள்ளுவர் பயன்படுத்துகின்றார் (குறள் 332). பெருஞ்செல்வம் வருவதற்கும் போவதற்கும் அத்திரள் அங்கு உவமை. நாம் கருதத்தக்கது உவமப் பொருத்தம் மட்டும் அன்று. கூத்துக் காண்போர்க்கென இழிந்த சொல் ஒன்றை அவர் தேடவில்லை என்பதும் ஆம். அவ்வாறிருக்க, திரைப்படம் வந்தபோது மக்கள் அதற்கு அவை என்றோ அரங்கு என்றோ பெயரிடவில்லை, 'கொட்டகை' என்றனர். மாடு கட்டும் இடத்துக்கும், சாய்ந்த கூரையிட்ட பந்தலுக்கும் முன்னரே வழங்கிய சொல் அது. நாடகம் ஆடிய கீற்றுப் பந்தலிலிருந்து அப்பெயர் படத்துக்கு இறங்கிற்று. கல்லாலும் சுண்ணத்தாலும் மாடம் எழுப்பிய பின்னரும் 'கொட்டகை' என்னும் வழக்கு மாறவில்லை. இச்சொல்லாட்சியிற் கூரை மட்டுமே உண்டு. சுவர் இல்லை என்பதனை ஈண்டுக் குறித்துவைத்துக்கொள்வோம்.

தமிழகத்துக் கொட்டகைகளின் தொடக்க வரலாறு பலரும் அறிந்தது, விரிவு வேண்டா. திருச்சி இருப்புப்பாதை அலுவலகத்தில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை வாங்கிக் கூடாரத்துடன் ஊர் ஊராகச் சென்றார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையை எழுப்பினார். சென்னை மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டர் 1913இலும், ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி 1914இலும் தோன்றின. முதல் தமிழ்ப் பேசும் படமாகக் கருதப்பெறும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னையின் கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்டது. அரசின் கண் முதலிற் சென்றது தீயின்மீது. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் தன்மையது. 1918ஆம் ஆண்டுச் சட்டம் கொட்டகைக்கு உரிமம் வேண்டும் என்றதற்குக் காண்போரின் உயிர்க்காப்பு ஒரு காரணம். படத் தணிக்கை மற்றொரு காரணம். காண்போரை எவ்வாறு வரிசைப்படுத்துவது என்பது உரிமையாளரின் வணிகமாக விடப்பட்டது.

அவ்வணிகம் இருக்கையை எவ்வாறு வகுத்தது? தரை, பெஞ்சு, நாற்காலி, மாடம் என்பன அதன் படிகள். கூடாரக் கொட்டகைகளில் தரை என்பது மணலே. முன்னிருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து பார்த்த சிறுவர்கள் பின்னாளில் பேராசிரியர்களாயினர்; நம் துறைகளில் அவர்களைக் காணாதார் இலர். ஆணும் பெண்ணும் அமரும் பகுதிகளுக்கு இடையே இடுப்பளவுச் சுவரோ தடுப்போ இருந்தது. ஊர் பெரிதாகிக் கொட்டகையும் நிலையானபோது மாடம் தோன்றிற்று. அதற்குத் தனிப்படி, தனிச் சீட்டுச் சாளரம், சில இடங்களில் தனி வாயிலும் அமைந்தன. மாடத்துக்குச் செல்பவர் தரைக்குச் செல்பவரை எதிர்ப்படாமலே சென்று எதிர்ப்படாமலே மீளும் வகையில் அமைந்த கட்டடங்கள் பல. கூரை ஒன்றே, வாயில் ஒன்று அன்று. கூரையை எண்ணிய ஆராய்ச்சி வாயிலை எண்ணத் தவறிற்று என்பதே நம் முதல் தடை.

இரண்டாவது, இருக்கைகளின் வரிசை முறை பற்றியது. இதனை நாம் சற்று விரிவாகவே காண விரும்புகின்றோம். ஏனெனில் பேராசிரியர் கருத்துக்கு எதிரானதும் அதற்கு உண்மையான அரண் ஆவதும் இவ்வொன்றே எனக் கருதுகின்றோம்.

கோயிலில் அருகாமை உயர்வு. கருவறையை அணுகுந்தோறும் உரிமை குறுகும். தொலைவில் நிற்பவரே தாழ்ந்தவராகக் கருதப்பட்டார். அரசவையிலும் அருகிருத்தலே சிறப்பு. நாடகக் கொட்டகையிலும் அவ்வாறே. நடிகனின் முகத்தை அணித்தே காணும் முன்வரிசை நாற்காலிக்கு விலை மிகுதி. பின்னே செல்லச்செல்ல விலை குறையும். ஆக, தமிழர் அறிந்த காட்சிக் களங்கள் அனைத்திலும் காணப்படும் பொருளுக்கு அண்மையில் இருப்பவர் மேலோர், சேய்மையில் இருப்பவர் கீழோர் என்னும் ஒரே இலக்கணம் வழங்கி வந்தது.

திரைப்படம் இவ்விலக்கணத்தைத் தலைகீழாக்கிற்று. பெரிய வெண்திரையை மிக அணுகியிருந்து பார்ப்பது கண்ணுக்குத் துன்பம்; சேய்மையே இன்பம். ஆதலின் முன்னிடம் மலிவாயிற்று. பின்னிடமும் மேலிடமும் விலை உயர்ந்தன. நாடகத்துக்கு எழுந்த கொட்டகைகள் பல பின்னர்ப் படக் கொட்டகைகளாயின என்பதை நாம் அறிவோம். அங்கெல்லாம் கட்டடம் மாறாதிருக்க, நாற்காலிகள் முன்னிருந்து பின்னுக்குப் பெயர்ந்தன; தரையில் அமர்வோர் பின்னிருந்து முன்னுக்கு வந்தனர். கோயிலில் மிகத் தொலைவில் நிறுத்தப்பட்டவரும், நிறுத்தப்பட்ட இடத்துக்கும் அப்பால் விலக்கப்பட்டவரும், கொட்டகையில் திரைக்கு மிக அண்மையில் வந்து அமர்ந்தனர். இது பெருந்தன்மையால் நேர்ந்தது அன்று, ஒளியியலால் நேர்ந்தது. எனினும் நேர்ந்தது நேர்ந்ததே. பல்திரை அரங்குகள் வந்த பின்னரும் இம்முறை அழியவில்லை. 2017ஆம் ஆண்டுக் கட்டண மாற்றத்துக்கு முன், சென்னையின் அத்தகைய அரங்குகளில் 10 ரூபாய்ச் சீட்டுக்குரிய இடம் திரையை ஒட்டிய முன்வரிசையே.

இதன் விளைவு இருக்கையோடு நிற்கவில்லை. பேசாப் படக் காலத்தில், திரையில் தோன்றும் எழுத்தை உரக்கப் படித்துக் கதையை விளக்கிச் சொல்பவர் ஒருவர் திரையின் அருகே நிற்பது வழக்கம். அவர் குரல் முதலிற் சென்று சேர்ந்தது எழுத்தறியாத முன்னிருக்கையார்க்கே. பேசும் படம் வந்தபின் அவர் மறைந்தார். முன்னிருக்கையாரின் குரல் எழுந்தது. பாட்டுக்கும் உரையாடலுக்கும் எழும் சீழ்க்கையும் கைதட்டலும் திரையின் அடியிலிருந்து புறப்பட்டுப் பின்னோக்கிப் பரவின. மாடத்தில் இருந்தவர் படத்தைக் கண்டதோடு, படத்தைக் காண்போரையும் கண்டனர். ஒரு படம் நன்றா, அன்றா என்பதை உரக்க அறிவிக்கும் உரிமை மிகக் குறைந்த விலை கொடுத்தவரிடம் சென்றது. கற்றோர் அவையில் குற்றமும் நயமும் கூறுதற்குரியவர் முன்னிருக்கையார் எனின், கொட்டகையின் முன்னிருக்கையாரும் அப்பொருளில் அவையத்தாரே. சிவத்தம்பி அவர்கள் கூறிய ஒருமையை நாம் கூரையிற் காணவில்லை, இவ்வொலியிற் காண்கின்றோம். அவ்வொலியும், தமக்கெனத் தனியே அமைந்த களத்தில் அன்றிப் பிறர் செவிமடுக்க எழுந்தமையாலேயே பொருள் பெற்றது.

மூன்றாவது தடை, 'வாங்கும் ஆற்றல்' என்னும் தொடர் பற்றியது. குலப்படியின் இடத்தில் வாங்கும் ஆற்றல் வந்தது எனக் கூறும்போது, இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்னும் எண்ணம் தானே புகுந்துவிடுகின்றது. நிலமும் தொழிலும் கூலியும் பிறப்பின்வழிப் பகுக்கப்பட்ட ஊரில், நாற்காலிக்குக் காசு கொடுக்கவல்லவர் எவர், தரைக்கு மட்டும் காசு கொடுக்கவல்லவர் எவர் என்பது சீட்டு விற்கும் முன்னரே முடிவாகிவிட்ட செய்தி. குலத்தை வினவாமலே குலத்தை வரிசைப்படுத்தும் திறன் விலைக்கு உண்டு. பேராசிரியர் இதனை அறியாதவர் அல்லர்; மார்க்சிய நெறியில் ஆய்ந்த அவர் கூற்றில் வாங்கும் ஆற்றல் என்பது விடுதலையின் பெயராக அன்று, மற்றொரு தளையின் பெயராகவே இருந்திருத்தல் கூடும். உயர்ந்த விலை தர இயலாதவன் எல்லாரோடும் கலந்து அமரவேண்டும், அன்றேல் வாராதொழிய வேண்டும் என்னும் கருத்தையும் அவர் உடன் வைத்தே பேசினார். அவரை மேற்கோள் காட்டுவோர் முற்பகுதியை எடுத்துக்கொண்டு பிற்பகுதியை விட்டுவிடுகின்றனர். குறை மேற்கோளினது, நூலினது அன்று.

வாயில் எல்லார்க்கும் இயல்பாகவே திறந்திருந்தது என்பதற்கும் சான்று வேண்டும். சட்டத்தின் சான்று வேறுவகையாக உள்ளது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு, சாதி முதலியன காரணமாக எவரையும் விலக்கலாகாத இடங்களைக் கூறும்போது கடை, உணவு விடுதி, தங்கும் விடுதி ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் பெயர் சுட்டிக் கூறுகின்றது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமும் அவ்விடங்களைத் தவறாது சேர்த்தது. விலக்கு இல்லாத இடத்துக்கு விலக்கலாகாது என்னும் விதி எழுதப்படுவதில்லை. இலக்கண நூலார்க்கு இது நன்கு விளங்கும்; வழுவே இல்லாத இடத்தில் வழுவமைதி கூறுவார் இலர்.

இனி மதுரைக்குத் திரும்புவோம். அவ்வூரின் மூன்று கொட்டகைகள் நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுவன.

சிந்தாமணித் திரையரங்கு, மேற்கூறிய படம் ஈட்டிய பொருளைக்கொண்டு கட்டப்பெற்றது. இலக்கிய மாணவர் அப்பெயரைக் கேட்டதும் திருத்தக்கதேவரை நினைத்தல் இயல்பு. ஆனால் அப்படம் பில்வமங்கள் கதையைத் தழுவியது. சீவகனுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தியாகராச பாகவதர் பாட்டுக்காக மக்கள் கொடுத்த காசே அச்சுவர்களாக எழுந்தது. தரைச்சீட்டுக்குக் கொடுத்த காசும் அதில் உண்டு என்பதை மறத்தல் ஆகாது. கோயிலைக் கட்டிய மன்னன் பெயர் கல்வெட்டில் நிற்கும். இக்கட்டடத்தை எழுப்பிய ஆயிரக்கணக்கான சிறுகொடையாளர்க்குப் படத்தின் பெயரே கல்வெட்டாயிற்று.

விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் நிகழ்ந்த ரீகல் கொட்டகை வியப்புக்குரியது. பகலில் அம்மண்டபம் நூலகமும் படிப்பகமும் ஆகும். மாலையில் ஆங்கிலப் படம் காட்டும் அரங்கு. நாளிதழை மடித்து வைத்துவிட்டு வாசகர் வெளியேறச் சீட்டுப் பெற்றோர் உள்ளே புகுவர். ஒரே கூரை என்னும் தொடர்க்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. ஆயினும் அக்கூரை இருவேறு கூட்டத்தாரை இருவேறு பொழுதில் ஏற்றது. இங்கு வகுத்தது விலை மட்டும் அன்று, மொழியும் ஆம். ஆங்கிலம் அறியா இளைஞரும் ஆங்குப் படம் காணச் சென்றனர் என்பது மதுரையார் நினைவு. மொழியென்னும் வேலியைக் காட்சி தாண்டியது போலும். பகற்பொழுதின் நூல்கள் அவ்வாறு தாண்டினவா என்பதை நூலகத்தின் வரலாற்றை எழுதுவோர் கூறுதல் வேண்டும்; அது நம் துறைக்குச் சற்றுச் சங்கடமான வினா.

மூன்றாவது தங்கம். 1952 தீபாவளியில் 'பராசக்தி' படத்துடன் தொடங்கிய அத்திரையரங்கு 2,563 இருக்கை கொண்டது. ஆசியாவிலேயே பெரிது எனப் பெயர் பெற்றது. கோயிலும் பூசாரியும் குறித்துக் கடுமையான வினாக்களை எழுப்பிய படம், மீனாட்சி கோயில் நுழைவு நிகழ்ந்து பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த ஊரில், அத்துணைப் பெரிய கூட்டத்தின்முன் திரையிடப்பட்டது. மு. கருணாநிதி அவர்களின் உரையாடலைப் பற்றி நம்மவர் பல ஆய்வேடுகள் எழுதியுள்ளனர். அடுக்குத்தொடர் எத்தனை, உவமை எத்தனை என்றெல்லாம் கணக்கிட்டுள்ளனர். அவ்வுரையாடல் எந்த இருக்கைக்கு எவ்வாறு கேட்டது என வினவியவர் அரியர். வழக்குமன்றக் காட்சியில் எழும் நெடிய உரைக்குத் தரையிலிருந்து கைதட்டல் எழுந்தபோது, மாடத்திலும் கைதட்டல் எழுந்ததா? இவ்வினா விளையாட்டு அன்று. ஒரு நூலின் சுவையை ஆராய்வோர் சுவைப்போனை ஆராயாது விடலாகாது என்பது மெய்ப்பாட்டியல் கற்ற நமக்குப் புதிய செய்தியும் அன்று.

மதுரைத் திரைப்படக் காண்போரைக் களத்தில் இருந்து ஆராய்ந்தவர் சாரா டிக்கி என்னும் அமெரிக்க மானிடவியலார். தென்னிந்திய நகரத்து ஏழை மக்களும் சினிமாவும் பற்றிய அவர் நூல் 1993இல் வெளிவந்தது. படம் பார்ப்பது ஏழையரின் பழக்கம் என நடுத்தட்டினர் கருதித் தம்மை அதனின்றும் பிரித்துக் காட்டிக்கொண்டமையை அந்நூல் காட்டுகின்றது. ஒரே கூரையின்கீழ் அமர்ந்தவர்கள் தாம் ஒன்றாக அமர்ந்ததாகக் கருதவில்லை என்பதே இதன் பொருள். தமிழ்த் துறையினர் செய்திருக்க வேண்டிய களப்பணியை வேற்று நாட்டார் ஒருவர் வந்து செய்தார். நாம் அதனைப் பாராட்டுவதோடு சிறிது நாணவும் வேண்டும்.

நம் இலக்கியமும் இப்பிரிவினைக்குச் சான்று பகர்கின்றது. ஜெயகாந்தன் 1972இல் எழுதிய 'சினிமாவுக்குப் போன சித்தாளு' நடிகர் வழிபாட்டைக் கடிந்துரைப்பது. சினிமாவினால் கெடுபவர் யார் என்னும் வினாவுக்கு அத்தலைப்பே விடை கூறிவிடுகின்றது. சித்தாள் சினிமாவுக்குப் போனால் அது கதைப்பொருள். மாடத்துக்குப் போன அலுவலர் கதைப்பொருள் ஆகவில்லை. ஜெயகாந்தனின் பரிவு ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் அவர் நின்று நோக்கிய இடம் தரை அன்று. பேச்சு வழக்கும் அதுபோன்றதே. 'தரை டிக்கெட்டு' என்பது இருக்கையின் பெயராகத் தோன்றி மனிதரின் பெயராக மாறி, பின்னர்ச் சுவையின் பெயராயிற்று. நயமற்றது எனத் தாம் கருதும் எதனையும் அச்சொல்லால் சுட்டுவார் உளர். 'பால்கனி' அவ்வாறு வசைச்சொல் ஆகவில்லை. அகராதி தொகுப்போர் இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து நோக்கினால், நாம் இங்குப் பல பக்கங்களிற் கூறியது ஓரிரு வரியில் விளங்கும்.

2023 மார்ச்சு 30ஆம் நாள் சென்னைத் திரையரங்கு ஒன்றில், சீட்டு வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தார் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட செய்தி நாடெங்கும் பரவிற்று. படத்தின் தணிக்கைச் சான்றும் உடன் வந்த சிறுவரின் வயதும் காரணமாகச் சொல்லப்பட்டன, பின்னர் அவர்கள் உள்ளே விடப்பட்டனர், வழக்கும் பதிவாயிற்று. அவ்வழக்கின் நியாயத்தை ஆராய்வது நம் வேலை அன்று. அந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதியவர் பலர், சமத்துவத்தின் இடமாகிய திரையரங்கில் இப்படியும் நிகழ்ந்ததே என வியந்தமையே நம் கருத்துக்கு உரியது. அவ்வியப்பின் வேர் நாம் மாணவர்க்குக் கற்பித்துவரும் ஒரே கூரை என்னும் தொடரில் உள்ளது. வாங்கும் ஆற்றல் இருந்தது. சீட்டும் கையில் இருந்தது. வாயில் மட்டும் உடனே திறக்கவில்லை. வாயிலின் வரலாற்றை எழுதியிருந்தோமாயின் வருத்தம் குறைந்திராது, வியப்புக் குறைந்திருக்கும்.

கொட்டகை வரலாறு என இன்று வெளிவருவன பெரும்பாலும் நினைவுக் கட்டுரைகள். எந்தப் படம் எத்தனை நாள் ஓடிற்று, எந்த நடிகர் வந்தார், இருக்கை எத்தனை என்பன அவற்றுள் உண்டு. அவற்றை எழுதுவோரின் அன்பை நாம் குறை கூறவில்லை; அவர்களும் எழுதாதிருந்தால் ஒன்றும் எஞ்சியிராது. ஆனால் நூறு நாள் ஓடிய படத்தைக் கூறுபவர், அந்நூறு நாளும் மகளிர் எவ்வழியே உள்ளே சென்றனர், மாடத்துக்குப் படி எப்புறம் இருந்தது, தரைக்கு மின்விசிறி இருந்ததா என்பவற்றைக் கூறுவதில்லை. நிலையான கொட்டகைக்கும் கூடாரக் கொட்டகைக்கும் உரிமம் வழங்குதலை 1955ஆம் ஆண்டுச் சென்னைத் திரைப்படக் கொட்டகை ஒழுங்குமுறைச் சட்டமும் அதன்வழி எழுந்த 1957ஆம் ஆண்டு விதிகளும் வகுத்தன. உரிமம் வேண்டுவோர் மாவட்ட ஆட்சியர்க்குக் கட்டட வரைபடம் அளித்தல் வேண்டும். வாயில், படி, இருக்கை வகை ஆகியவை அவ்வரைபடங்களிற் காணப்படும். சிலப்பதிகார அரங்கினைக் கோல் கணக்கால் மீட்டு வரைய முயன்ற அறிஞர் நம்மிடையே பலர் உளர். இரண்டாயிரத்தைந்நூறு பேர் அமர்ந்த ஓர் அரங்கின் தளவரைவைத் தேடி எடுத்துப் பதிப்பிப்பது அதனினும் எளிய பணி. ஆனால் அதற்குக் காலம் குறைவு. தங்கம் நின்ற இடத்தில் இன்று துணிக்கடை உள்ளது, சிந்தாமணியும் இல்லை. ஆட்சியர் அலுவலகக் கோப்புகளும் கழிக்கப்படும் முறைக்கு உட்பட்டவையே. மேலமாசி வீதிப் பக்கத்து முதியோரைக் கேட்டால் தங்கத்தில் எந்தச் சீட்டுக்கு எந்த வரிசையில் நின்றனர் என்பதை இன்றும் கூறுவர். முதுகலை மாணவர் இருவர் ஒரு கோடை விடுமுறையில் அதனைக் கேட்டு எழுதிவிடலாம்.